பச்சைத் தண்ணீர்

என் மனைவி மயிலாப்பூரில் பி.எஸ்ஸி. படித்தபோது ஒருநாள் ஆய்வகத்தில் தெர்மாமீட்டர் உடைந்துவிட்டது. மேஜைமேல் ஓடிய பாதரசத்தை ஆய்வகப் பொறுப்பாளரான மேடம் ஒரு தபால் அட்டையால் ஒன்றுசேர்த்து, சின்னக் குப்பியில் இறக்கி, தராசில் வைத்துப் பார்த்தார். எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கொஞ்சம் குறைந்தது.

"மீதி எங்க போச்சு?" என்றார்.

மணி அடித்துவிட்டது. பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண்கள் முனகினார்கள். மேடம் விடவில்லை. மேஜைகளை நகர்த்தித் தேடச் சொன்னார். கடைசியில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். விளையாட்டாகத் தொட்டிருக்கிறாள்; விரலில் இருந்த தங்க மோதிரம் வெள்ளியாக வெளுத்துப்போயிருந்தது. அம்மா கொன்றுவிடுவாள் என்று பயந்து கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள். மேடம் திட்டவே இல்லையாம். மோதிரத்தைக் கழற்றி வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, "இங்க இருக்கு!" என்று தொலைந்த குழந்தை கிடைத்ததுபோல முகம் மலர்ந்தாராம். மறுநாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய், தவறு தன் ஆய்வகத்தில் நடந்தது, பெண்ணை அடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் நான் அவர் வீட்டு மாடிக்குக் குடிபோனேன். தொண்ணூற்று நான்கோ ஐந்தோ. ஆழ்வார்பேட்டையில் ஒரு குறுக்குத் தெரு. கீழே மேடம் தனியாக இருந்தார். ஐம்பது வயதிருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பழைய மாணவி என்பதால் என் மனைவிக்கு வீடு கேட்டவுடனே கிடைத்தது. எனக்குத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. நான் அப்போது மனைவிக்குத் தெரியாமல் மொட்டைமாடியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரமே மேடம் படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"ஏன்ப்பா, மழைத்தண்ணி எறங்கற குழாயைச் சுத்தம் பண்ணினேன். அடில அத்தனை தீக்குச்சி கெடக்கு. எப்படி வந்துருக்கும்?"

கோபமோ கிண்டலோ இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட முகம். அந்த முகத்துக்கு முன்னால் பொய் சொல்வது கஷ்டம். சொல்லிவிட்டேன். "ஓ, சரி சரி" என்று திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். என் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது விடை மட்டும்தான்.

காணாமல் போவது என்று உலகத்தில் ஒன்று கிடையாது என்பது அவர் கட்சி. "இடம் மாறிண்டு இருக்கும், அவ்வளவுதான். நாம தேடற எடத்துல இல்லேன்னா அது இல்லேன்னு ஆயிடுமா?" என்பார்.

அப்படிப்பட்டவரிடம்தான் அந்தக் கார் வந்து சேர்ந்தது. அவருடைய அண்ணா இளவயதில் கார் ரேஸ் பைத்தியம். ஆஸ்திரேலியாவுக்கு மகனோடு போய்விட்டபோது தன் காரைத் தங்கை வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார். இரண்டே இரண்டு இருக்கை. துணிக்கூரை. கரும்பச்சை நிறம். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். தெருப் பிள்ளைகள் அதற்கு 'சோப்பு டப்பா' என்று பெயர் வைத்திருந்தார்கள். கார் ஓட்டவே தெரியாத மேடம் விற்றுவிடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். அவரோ ஓட்டக் கற்றுக்கொண்டார். நூல் புடவை, காதோரம் நரை, பெரிய மூக்குக்கண்ணாடி. அந்தக் கோலத்தில் அவர் அந்தக் காரில் லஸ் சிக்னலில் நிற்கும்போது பஸ் பயணிகள் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடையாறு வரை ஓட்டிப் பழகுவார். துணைக்கு நான். கால்களுக்கு நடுவே இரண்டு பிளாஸ்டிக் கேன் நிறையத் தண்ணீரை இடுக்கிக்கொண்டு உட்காருவேன். ஏனென்றால் ரேடியேட்டரில் தண்ணீர் நிற்கவில்லை. ஒருநாள் அடையாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. மேடம் ஓரம் கட்டினார். பானெட்டைத் திறந்தார். அதற்குமேல் எதையும் தொடாமல் நடைபாதை ஓரமாக நின்றுகொண்டார்.

பின்னால் வந்த ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். "இன்னா மாமி, வண்டி ஹீட்டாய்டுச்சா? மூடியத் தொறந்து தண்ணி ஊத்து. நா தொறக்கட்டுமா?"

"வேண்டாம்ப்பா. தொறந்தா கொதிக்கற தண்ணி உன் மூஞ்சில அடிக்கும். ஆறட்டும்."

"அதுக்கு அவ்ளோ நேரம் ஆவுமே!"

"ஆகட்டும். நீயும் சித்த நில்லேன். காலம்பற நாந்தான் கழுத்து வரைக்கும் ரொப்பினேன். ஒரு சொட்டு கீழ சிந்தலை. எங்க போயிருக்கும்னு நெனைக்கறே?"

அந்த ஆட்டோக்காரர் சவாரியை விட்டுவிட்டு முக்கால் மணி நேரம் எங்களோடு நின்றார். கடைசியில் மேடம் ஒரு துணியை மூடிமேல் போட்டு மெல்லத் திருகியபோது, உள்ளே எட்டிப் பார்த்த மூன்று தலைகளில் ஒன்று அவருடையது.

மந்தைவெளியில் ஒரு மெக்கானிக் பாய் அந்தக் காரைப் பார்த்துவந்தார். உருது கலந்த தமிழ், நல்ல கைக்காரர். ரப்பர் குழாய்களையெல்லாம் அமுக்கிப் பார்த்தார். ஆயில் அளக்கும் கம்பியை உருவித் துடைத்துக் காட்டினார்.

"பாருங்கோ மேடம், ஆயில் கருப்பாத்தான் கீது. தண்ணி உள்ள கலந்தா பால் மாதிரி ஆயிரும். பொகையும் வெள்ளையா வரல. இன்ஜின் சுத்தம். பழைய வண்டிக்குத் தாகம் ஜாஸ்தி. பச்சத்தண்ணி ஊத்துங்கோ, ஓட்டுங்கோ."

"தாகம் எடுத்துக் குடிச்சாலும், குடிச்சது எங்கயாவது போகணுமே பாய்?"

பாய் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஆவியா அல்லாகிட்ட போவுது மேடம்."

அதற்குள் கல்லூரிக்கும் அந்தக் காரிலேயே போய்வர ஆரம்பித்திருந்த மேடம், தினமும் படுக்கப்போகும் முன் காருக்கு அடியில் செய்தித்தாள்களை விரித்து வைப்பார். காலையில் எடுத்துப் பார்ப்பார். ஒரு சொட்டு ஈரம் இருக்காது. ஒரு ஸ்டீல் ஸ்கேலை ரேடியேட்டருக்குள் விட்டு அளப்பார். அன்றன்றைக்குக் கொஞ்சம் குறைந்திருக்கும். மூன்று வாரம் இப்படி ஓடியது. ரேடியேட்டர் தண்ணீர் துருப்பிடித்துக் காபி நிறத்துக்கு வந்துவிட்டதைப் பார்த்து, ஆழ்வார்பேட்டை போர் தண்ணீரின் உப்புதான் இரும்பைத் தின்கிறது என்று முடிவுகட்டினார். உதிரி பாகக் கடையிலிருந்து கூலன்ட் வாங்கி வந்து ஊற்றினார். பளீரென்ற பச்சைத் திரவம். கதம்பப் பூவில் வைக்கும் மருக்கொழுந்தின் நிறம். அதுவும் குறைந்தது.

இதே சமயத்தில்தான் பக்கத்து வீட்டு நாய் செத்துப்போனது.

பக்கத்து வீட்டில் ரயில்வேயில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. டாலி என்று ஒரு பொமரேனியன் நாய். கைக்குட்டை அளவு உடம்பு, தெருவுக்கே கேட்கும் குரல். இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் இல்லை, ஒரு செம்பருத்தி வேலிதான். சாயங்காலம் அவிழ்த்துவிட்டால் டாலி எங்கள் வாசல், எதிர் வாசல் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்பும். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி குடித்தவன் மாதிரி தள்ளாடியது. வாந்தி எடுத்தது. சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்விட்டது. ஏதோ விஷம் தின்றிருக்கிறது என்று மிருக வைத்தியர் சொன்னார்.

ரயில்வே சார் வாசலில் நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னையும் கேட்டார். தோய்க்காத சட்டை, சவரம் செய்யாத முகம். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

எதிர்ப்பக்கம் தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டி போட்டுத் துணி தேய்ப்பவர் ஒருவர் இருந்தார். டாலிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. போன வாரம் அவர் மூட்டையிலிருந்து ஒரு வேட்டியை அது இழுத்துக் கிழித்ததும், "இரு, ஒரு நாளிக்கி உன்ன முடிச்சுடறேன் பாரு" என்று அவர் சொன்னதும் என் காதில் விழுந்திருந்தது. நான் அப்போது சட்டைகளை வாங்க வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்த வாக்கியத்தை ரயில்வே சாரிடம் அப்படியே ஒப்பித்தேன்.

அரை மணி நேரத்தில் தெருவில் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். துணி தேய்ப்பவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நா இன்னா சார் பண்ணேன்? அது கொலைக்கும், நா திட்டுவேன், அவ்ளோதான். வாயில்லா ஜீவனுக்கு வெசம் வெக்கிற ஆளா நானு?" யாரோ வண்டியைத் தள்ளினார்கள். தேய்ப்புப் பெட்டி கீழே விழுந்து கரி தார் ரோட்டில் சிதறியது. சாயங்காலம் மரத்தடி காலியாகிவிட்டது.

கூட்டத்தில் மேடம் மட்டும்தான் கேள்வி கேட்டார். "என்ன விஷம்? எதுல வெச்சுக் குடுத்தான்? யாராவது பாத்தேளா?" ஒருவர் எரிச்சலோடு, "இது உங்க லேப் இல்லை மேடம்" என்றார்.

புதன்கிழமை காலை என்னைக் கீழே கூப்பிட்டார். கல்லூரிக்குக் கிளம்பும் நேரம். காருக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளை என் முன் நீட்டினார். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை ஈரம்.

"கண்டுபிடிச்சிட்டீங்க மேடம்!" என்றேன் சந்தோஷமாக. "தண்ணி தள்ற பம்ப்புக்கு நேர் கீழே இருக்கு. பம்ப்தான் லீக்."

அவர் சிரிக்கவில்லை.

"நாலு நாளா இருக்கு. நேத்திக்கு வண்டியை நிறுத்தினதுமே குனிஞ்சு பாத்துண்டு உக்காந்தேன். இன்ஜின் சூடா இருக்கறப்ப ஒரு கால் மணி நேரம் சொட்டறது. அப்புறம் நின்னுடறது. நான் இத்தனை நாளா பேப்பரைப் படுக்கப்போறச்சே போட்டிருக்கேன். முட்டாள்தனம். சாயந்திரமே ஒழுகி முடிஞ்சுருக்கு."

"அப்போ சாயந்திரம் ஒழுகினது தரையில இருந்திருக்கணுமே மேடம்?"

"பச்சத்தண்ணி ஊத்தினப்ப சூட்டுல காஞ்சிருக்கும். இந்தக் கூலன்ட் லேசுல காயாதுப்பா. போன வாரம் பூரா இது தரையில இல்லை. இந்த நாலு நாளாத்தான் இருக்கு. போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் நம்ம வாசல்ல என்ன வித்யாசம்?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. செம்பருத்தி வேலியைப் பார்த்தேன்.

"இது தித்திப்பா இருக்கும்" என்றார் மேடம். "பி.எஸ்ஸி. பொண்களுக்கு நான் வருஷா வருஷம் சொல்லிக்குடுக்கறேன். தித்திப்பு, ஆனா வெஷம். கிட்னியைத் தின்னுடும். அத்தனை தாழ்வான வண்டிக்கு அடில நொழையற அளவு சின்ன உடம்பு அது ஒண்ணுக்குத்தான்."

ஒரு சின்ன பாட்டிலில் கூலன்ட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே மிருக வைத்தியரைப் பார்த்தார். தள்ளாட்டம், தாகம், வாந்தி, எல்லாம் பொருந்துகிறது என்று அவர் சொன்னார்.

நான் சொன்னேன்: "மேடம், நீங்க வேணும்னு பண்ணலையே. அந்த ஆளும் போயாச்சு. இது நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது."

"தெரியாதுன்னா? தேய்க்கறவனுக்குத் தான் பண்ணலைன்னு தெரியும். யார் பண்ணினான்னு அவனுக்குத் தெரிய வேண்டாமா?"

அன்று சாயங்காலம் ரயில்வே சார் வீட்டுக்குப் போனார். நான் வாசற்படியில் நின்றேன். மேடம் உட்காரவில்லை. காரிலிருந்து ஒழுகியது, நாய் நக்கியது, கூலன்ட் வாங்கி ஊற்றியது தான்தான் என்று வரிசையாகச் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தையைக் கடைசியில்தான் சொன்னார். ரயில்வே சார் எழுந்து நின்று, "வெளிய போங்க" என்றார். பிறகு கத்தினார். அவர் மனைவிதான் மெதுவான குரலில், "வேற நாய் வாங்கித் தரேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.

"சொல்ல மாட்டேன்" என்றார் மேடம்.

துணி தேய்ப்பவர் பாலவாக்கத்தில் அக்கா வீட்டில் இருப்பதாகப் பால்காரர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போனோம். வெறும் தண்ணீர் ஊற்றிய கார், என் காலடியில் கேன்கள். திருவான்மியூர் தாண்டியதும் மேடம் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"முடிச்சுடறேன்னு சொன்னான்னியே. சொன்னப்புறம் என்ன பண்ணினான்?"

"சிரிச்சார் மேடம்." கொஞ்ச தூரம் போனது. "டீக்குத் தொட்டுக்க வெச்சிருந்த பொறையைப் பிச்சு அதுக்கு ஒரு துண்டு போட்டார்."

"இதை ரயில்வே சார்கிட்ட சொன்னியோ?"

"இல்லை."

"ஏன்?"

அவர் கேட்ட கேள்விகளிலேயே எனக்கு இன்றுவரை விடை தெரியாதது இது ஒன்றுதான். பொறையைச் சொன்னால் அதில்தான் விஷம் இருந்தது என்பார்கள் என்று பயந்தேனா, அல்லது கூட்டம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அரை நிமிடம் எனக்குப் பிடித்திருந்ததா, தெரியவில்லை. "தெரியலை மேடம்" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

மணலில் போட்ட ஓலைக் குடிசை ஒன்றின் முன்னால் துணி தேய்ப்பவர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். காரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார், பயந்துதான். மேடம் இறங்கி, அங்கே சொன்னதையெல்லாம் இங்கேயும் சொன்னார். நானும் என் பங்குக்குச் சொன்னேன். வார்த்தை சரியாக வரவில்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும் சார். அன்னிக்கு வண்டியாண்ட நின்னுக்கினு இருந்தது நீ ஒருத்தன்தான்."

பிறகு மேடத்திடம் திரும்பினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"ரொம்பக் கஷ்டப்பட்டுச்சாம்மா அது?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

"ஆமாம்ப்பா" என்றார் மேடம். "ரெண்டு நாள்."

துணி தேய்ப்பவர் குடிசைக்குள் போகத் திரும்பினார். "நாளிக்கி வரேன், போங்க" என்றார்.

நாளைக்கு வரவில்லை, பத்து நாள் கழித்து வந்தார். ஆனால் வந்தார். அதற்குள் விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. விசித்திரம் என்னவென்றால், வண்டியைத் தள்ளியவர்கள் துணி தேய்ப்பவரிடம் பழையபடி துணி போட ஆரம்பித்துவிட்டார்கள். மேடத்திடம்தான் முகம் கொடுக்கவில்லை. "யார் கேட்டா? பேசாம இருந்திருக்கலாம்ல?" என்றாள் எதிர்வீட்டு மாமி என் மனைவியிடம். என் மனைவிக்கே அந்த எண்ணம் கொஞ்சம் இருந்தது. எனக்கும் இருந்தது. பாய் புது பம்ப் மாட்டிக்கொண்டிருந்த ஒருநாள் காலையில் மேடத்தைக் கேட்டேவிட்டேன்.

"சொன்னதுக்கு வருத்தமா இருக்கா மேடம்?"

"டாலி போனதுக்கு வருத்தம் இருக்கு. நெறைய இருக்கு. சொன்னதுக்கு இல்லை. ரெண்டையும் ஒரே பாத்ரத்துல கொட்டிக் கலக்காதே" என்றார்.

அப்போது ரயில்வே சார் கையில் ஒரு துணிமூட்டையோடு வெளியே வந்தார். அதுவரை அந்த வீட்டிலிருந்து மட்டும்தான் துணி போகவில்லை. மரத்தடிக்குப் போய் வண்டிமேல் மூட்டையை வைத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரயில்வே சார் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார்.

"வேட்டிக்குக் கஞ்சி கொஞ்சம் தூக்கலாப் போடுப்பா" என்றார்.

"சரிங்க சார்."

அவ்வளவுதான். திரும்பி வரும்போது எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். மேடம் கையிலிருந்த மசியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "குட் மார்னிங் சார்" என்றார். அவர் காதில் விழாததுபோலப் போய்விட்டார். மேடம் மறுநாளும் சொன்னார். அதற்கு மறுநாளும். நாங்கள் அடையாறுக்கு வீடு மாற்றிக்கொண்டு போகும் வரைக்கும், ஒன்றரை வருஷம், ஒருநாள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசி வாரத்தில் ஒருநாள் ரயில்வே சார் தலையை லேசாக அசைத்ததாக என் மனைவி சொன்னாள். நான் பார்க்கவில்லை.